பட்டையை நனைப்பதற்கு முன்: கோலாலம்பூர் குளம் ஒன்றில் பாசி நஞ்சுக் கிட் சோதனை

கோலாலம்பூரின் வட பகுதியில், அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு வெள்ளநீர்த் தேக்கக் குளம். இப்படிப்பட்டவை கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இருப்பதால் பெயர் இங்கே வேண்டியதில்லை. மாலை மழை கொட்டினால் சுற்றுவட்டாரக் கால்வாய் நீரெல்லாம் இதில் வந்து விழும். மழை இல்லாத நாள்களில் நீர் அசையாமல் கிடக்கும். ஒரு பக்கம் ஒட்டுக்கடைகள், இன்னொரு பக்கம் மிதிபடகுத் துறை, மறுகரையில் திலாப்பியாவுக்குத் தூண்டில் போடுவோர். கடைகளின் கழிவுநீரும் சலவை நீரும் கால்வாயோடு வந்து கலப்பதால் பாஸ்பரசுக்கும் நைட்ரஜனுக்கும் பஞ்சமில்லை. வெயிலோ ஆண்டு முழுவதும் உண்டு. நீலப்பச்சைப் பாசி வளர இவ்வளவு போதும். இது ஒரு குளத்தின் தனிக்குறையும் அன்று. தேசிய நீர் ஆய்வுக் கழகமான நஹ்ரிம் 2005-இல் 90 ஏரிகளைப் பற்றித் தொகுத்தபோது, 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை சத்து மிகுந்து பாசிக்கு இடம் கொடுக்கும் நிலையில் இருந்தன.

குடியிருப்பாளர் சங்கமும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுவும் கேட்டது ஒன்றுதான்: கையடக்கச் சோதனைக் கிட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் படகு விடலாமா வேண்டாமா என்று காவலாளியே முடிவு செய்ய முடியுமா? கிட் நல்லதா என்று மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. நீரை மொள்வதிலிருந்து வண்ண அட்டையோடு ஒப்பிடுவது வரையிலான முழுச் சங்கிலியையும் சோதிக்க வேண்டும். பெரும்பாலான தவறான விடைகள் கிட்டிலுள்ள சோதனைப் பட்டை நீரைத் தொடும் முன்பே உருவாகிவிடுகின்றன.

எந்த எண்ணுக்காகச் சோதிக்கிறோம்

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலின்படி, நீலப்பச்சைப் பாசியின் நஞ்சான மைக்ரோசிஸ்டினுக்கு வாழ்நாள் குடிநீர் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். குறுகிய காலக் குடிநீருக்கு 12, குளிப்பதும் படகு விடுவதும் போன்ற பொழுதுபோக்கு நீருக்கு 24. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பொழுதுபோக்கு நீருக்கு 2019-இல் பரிந்துரைத்தது 8. மிதிபடகுக் குளத்துக்கு 24-ஐச் செயல் எல்லையாக எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே எச்சரிக்கை வரம்பு ஒன்றும் வைத்துக்கொள்வது பொருத்தம்.

இங்கேயே முதல் சிக்கல். பொழுதுபோக்கு நீருக்கென விற்கப்படும் பட்டைகளின் வண்ண அட்டை வழக்கமாக 10 மைக்ரோகிராமோடு நின்றுவிடும். நீரை அப்படியே சோதித்தால் 11-உம் 24-உம் 500-உம் ஒரே விடையைத் தரும். ஆகவே நீர்ப்பது கட்டாயம். ஒரு பங்கு மாதிரியோடு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் நான்கு மடங்கு நீர்த்தல். நீரில் 24 இருந்தால் பட்டைக்குத் தெரிவது 6. அட்டையில் 5-க்கும் 10-க்கும் நடுவே, கண் ஓரளவு பிரித்தறியக்கூடிய இடத்தில் அது விழும். பத்து மடங்கு நீர்த்தால் அதே 24 என்பது 2.4 ஆகிவிடும். கணக்கு எளிதுதான், ஆனால் வாசிப்பில் ஒரு சிறு பிழை பத்தால் பெருகும். நான்கே சரி.

பட்டை எப்படி வேலை செய்கிறது

இவை போட்டி முறையில் இயங்கும் எதிர்ப்பொருள் பட்டைகள். மாதிரியில் நஞ்சு இல்லையென்றால் நிறமேற்றிய எதிர்ப்பொருள் முழுவதும் சோதனைக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், கோடு அழுத்தமாகத் தெரியும். நஞ்சு இருந்தால் எதிர்ப்பொருளை அது வழியிலேயே பிடித்துக்கொள்ளும், கோடு மங்கும். நஞ்சு மிகுந்தால் கோடே இராது. கர்ப்பப் பரிசோதனையும் கோவிட் பரிசோதனையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நேர்மாறு. கோடு தெரியவில்லை என்றதும் 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுவார்கள். பயிற்சியில் வேறெதைச் சொல்லித்தர நேரமில்லாமல் போனாலும் இதை விட்டுவிடக் கூடாது. கிட் பெட்டியின் மூடியிலேயே தடித்த எழுத்தில் 'கோடு மங்கினால் நஞ்சு அதிகம்' என்று மலாயிலும் தமிழிலும் ஒட்டிவிடுவது நல்லது. மேலே உள்ள கட்டுப்பாட்டுக் கோடு எப்போதும் தெரிய வேண்டும். அது வராத பட்டை செல்லாது, குப்பைக்குப் போகட்டும்.

மைக்ரோசிஸ்டினில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் 'அட்டா' என்ற பக்கக் கிளையை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் உள்ள பட்டையே குளத்துக்கு ஏற்றது. ஆனால் அளவீடு மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். என்ற ஒரே வகையை வைத்துச் செய்யப்படுகிறது. பிற வகைகளை எதிர்ப்பொருள் கூடவோ குறையவோ பிடிக்கும். சிதைந்துபோன நஞ்சின் துண்டில் அட்டா மிச்சமிருந்தால் அதையும் பிடிக்கும். ஆய்வுக்கூடத்தில், மூலக்கூறுகளைப் பிரித்து நிறையால் இனங்காணும் எல்.சி.-எம்.எஸ். கருவி தரும் எண்ணோடு பட்டையின் எண் துல்லியமாகப் பொருந்தாததற்கு இதுவும் காரணம். பொருந்தவில்லை என்பதற்காகக் கிட்டைத் தள்ளிவிட வேண்டாம். எல்லையின் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொன்னால் போதும்.

நீரை எங்கே, எப்போது மொள்வது

இந்த நஞ்சைத் தரும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசியின் உயிரணுக்களில் காற்றுப் பைகள் உண்டு. இரவில் காற்று ஓய்ந்தபின் மேலெழுந்து, விடியும்போது பாலாடை போல மேற்பரப்பில் படர்ந்திருக்கும். பிறகு மெல்லிய காற்று அதைக் குளத்தின் ஒரு மூலைக்கு ஒதுக்கும். காலை எட்டு மணிக்கு மதகோரத்தில் மொண்ட நீரும், பிற்பகல் மழைக்குப் பின் படகுத்துறையில் மொண்ட நீரும் ஒரே குளத்து நீர் என்று நம்பவே முடியாது. அவற்றின் நஞ்சளவு நூறு மடங்கு வேறுபட்டாலும் வியப்பில்லை.

அதனால் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் மூன்று மாதிரிகள்: காற்று பாசியை ஒதுக்கும் கரையில் மேற்பரப்பு நீர், படகுத்துறையில் மேற்பரப்பு நீர், அதே துறையில் முழங்கை ஆழத்தில், அதாவது சுமார் 30 செ.மீ. கீழே, இன்னொன்று. கையுறை கட்டாயம். 250 மி.லி. பழுப்புக் கண்ணாடிப் புட்டியே வேண்டும். மினரல் வாட்டர் புட்டியும் ஆய்வுக்கூட பாலிபுரோப்பிலீன் குழாயும் வசதியானவைதான், ஆனால் கரைந்த மைக்ரோசிஸ்டின் சில பிளாஸ்டிக்குகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைவாக இருக்கும்போது இந்த இழப்பு விடையையே மாற்றிவிடும். புட்டியை உடனே ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் சோதிக்க முடியாவிட்டால் உறைய வைப்பதே வழி.

குழாய் நீரைச் சோதிப்பதானால் புட்டியில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இட வேண்டும், லிட்டருக்கு 100 மி.கி. என்ற கணக்கில். எஞ்சிய குளோரின் புட்டிக்குள் நஞ்சைத் தொடர்ந்து சிதைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தாவிட்டால், மொண்ட நேரத்து அளவு சோதிக்கும் நேரத்தில் இராது. குளத்து நீருக்கு இது தேவையில்லை.

உயிரணுவை உடைத்தல்

நலமாக மிதக்கும் பாசியில் மைக்ரோசிஸ்டினின் பெரும்பகுதி உயிரணுவுக்கு உள்ளேயே இருக்கும். உடைக்காத நீரில் பட்டையை நனைத்தால், கரைந்து வெளியே வந்த பகுதியை மட்டுமே அது காண்கிறது. பச்சைக் குழம்பாக இருக்கும் நீர்கூடச் 'சுத்தம்' என்று காட்டிவிடலாம். கிட்டில் வரும் உடைப்பு வினைபொருள் இதற்காகத்தான். வழக்கமான நடைமுறை: 1 மி.லி. மாதிரியைச் சிறு குப்பியில் விட்டு, வினைபொருள் தடவிய காகிதத் துண்டைப் போட்டு, இரண்டு நிமிடம் பலமாகக் குலுக்கி, எட்டு நிமிடம் விட வேண்டும். பிறகு அதன் வீரியத்தை அடக்கும் இரண்டாவது காகிதத்தைப் போட்டு, அதையும் குலுக்கிக் காத்திருக்க வேண்டும். கிட்டுக்குக் கிட் நேரம் மாறும், கையேட்டையே பின்பற்றுங்கள். இரண்டாவது காகிதத்தை மறந்தால் உடைப்பு வேதிப்பொருள் எதிர்ப்பொருளையே கெடுத்துவிடும். அப்போது கட்டுப்பாட்டுக் கோடும் மங்கித் தெரிந்தால், அதிக நஞ்சு என்று முடிவுகட்ட வேண்டாம், படி தவறியிருக்கிறது.

குலுக்கலில் சோம்பல் கூடாது. மைக்ரோசிஸ்டிஸ் கூட்டங்கள் பிசுபிசுப்பான கோழைக்குள் பொதிந்திருக்கும். அடர்ந்த படலமானால் 1 மி.லி.க்கென அளந்த வினைபொருள் அத்தனை உயிரணுவுக்கும் பற்றாது. அதனால் நீர்க்கும் இடமும் மாறுகிறது. தெளிந்த பச்சை நீரை உடைத்தபின் நீர்க்கலாம். படல நீரை முதலில் நீர்த்து, நன்றாகக் கலக்கிய பிறகு உடைக்க வேண்டும். கோழை உருண்டைகள் பிப்பெட்டில் சமமாக ஏறாது என்பதால் படல மாதிரிக்கு இரட்டைச் சோதனை நல்லது. இரண்டும் அட்டையில் ஒரே படியிலோ அடுத்தடுத்த படிகளிலோ விழ வேண்டும்.

இந்த உடைப்பு வேலை செய்கிறதா என்று சோதிக்க, பாசி உயிரோடு உள்ள நீரை ஒரே புட்டியிலிருந்து மூன்றாகப் பிரிப்பதே வழி: ஒன்று உடைக்காமல், ஒன்று கிட்டின் வேக முறையில், ஒன்று -20 பாகையில் மூன்று முறை உறையவைத்து உருக்கி. மூன்றாவதே அளவுகோல். வேக முறை அதைவிட மிகக் குறைவாகக் காட்டினால், அந்தப் பாசிக்கு அந்த வினைபொருள் போதவில்லை என்று பொருள். விற்பனையாளர்கள் காட்டும் 'மீட்பு விழுக்காடு' பெரும்பாலும் தூய நஞ்சைத் தூய நீரில் கலந்து எடுத்தது. உயிரணுவே இல்லாத இடத்தில் உடைப்புக்குத் தேர்வு நடக்கவில்லை.

உடைத்ததும் உடைக்காததுமான இணைச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. யாரேனும் குளத்தில் பாசிக்கொல்லி தெளித்திருந்தால் உயிரணுக்கள் செத்து வெடித்து, நஞ்சு நீரில் கரைந்திருக்கும். நீர் தெளிவாகத் தெரியும், ஆனால் உடைக்காத பட்டையும் உடைத்த பட்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் நடந்தது இதுதான். பாசி மண்டிய அணையில் காப்பர் சல்பேட் போட்ட சில நாள்களில் 148 பேர், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள், நோயுற்றார்கள். கண்ணுக்குப் பச்சை குறைந்ததும் குளத்தைத் திறந்துவிடும் வழக்கத்துக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம்.

அளவு தெரிந்த நஞ்சைக் கொண்டு பார்த்தல்

இந்தப் பகுதி ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்ய வேண்டியது, குளக்கரையில் தரநஞ்சுக் குப்பியைத் திறக்கவே கூடாது. மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். தரக்கரைசல் லிட்டருக்கு 10 மி.கி. செறிவில் இருந்தால், 100 மி.லி. குளத்து நீரில் 240 மைக்ரோலிட்டர் சேர்க்க 24 மைக்ரோகிராம்/லிட்டர் கிடைக்கும். 60 சேர்த்தால் 6, 120 சேர்த்தால் 12, 480 சேர்த்தால் 48. தரக்கரைசல் மெத்தனாலில் இருப்பதால், வெற்று மாதிரி உட்பட எல்லாப் புட்டிகளிலும் மெத்தனால் அளவு சமமாக இருக்கும்படி நிரப்ப வேண்டும். லிட்டருக்கு 1 மி.கி. கரைசலை வாங்கினால் 48-ஐ எட்ட 4.8 மி.லி. தேவைப்படும். அவ்வளவு மெத்தனால் போனால் பட்டை நஞ்சைச் சோதிக்கிறதா மெத்தனாலைச் சோதிக்கிறதா என்றே தெரியாது.

சேர்க்கும் முன் அந்தக் குளத்து நீரில் ஏற்கெனவே நஞ்சு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே வரிசையைக் காய்ச்சி வடித்த நீரிலும் செய்ய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சரி. குளத்து நீரில் மட்டும் பிசகினால் வண்டலோ மக்குப் பொருளோ பட்டையைத் தடுக்கிறது. கண்ணாடியிழை வடிதாளில் வடிகட்டிப் பார்க்கலாம், ஆனால் உடைத்த பிறகு மட்டுமே. முன்பே வடித்தால் பாசியோடு நஞ்சும் தாளில் தங்கிவிடும்.

புட்டிகளுக்குக் குறியீட்டு எண் போடுபவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர். எத்தனை பட்டைகள் என்பதில் சிக்கனம் பார்ப்பது இயல்பு, ஆனால் கணக்கு இரக்கமற்றது. எல்லைக்கு மேலுள்ள மாதிரியைப் பத்து முறை சோதித்து பத்தும் சரியாக வந்தாலும், உண்மையான தவறு விகிதம் 26 விழுக்காடு வரை இருக்கக்கூடும் (95 விழுக்காடு நம்பகத்தில்). இருபதுக்கு இருபதும் சரியென்றால் அந்த மேல்வரம்பு 14. அறுபதில்தான் 5-க்கு இறங்குகிறது. ஒரு பெட்டியில் வரும் நாலைந்து பட்டைகளை வைத்து 'கிட் நூறு விழுக்காடு சரி' என்று அறிக்கை எழுதுவோருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். செலவு இடிக்கிறது என்றால் பட்டைகளை எல்லா அளவுகளுக்கும் சமமாகப் பங்கிடாமல் 24-இலும் 48-இலும் குவியுங்கள். ஆபத்தைத் தவறவிடும் பிழை அங்கேதான் தெரியும்.

வெயில், ஈரம், கடிகாரம், கண்

கையேடுகள் பொதுவாக 30 பாகைக்கு மேல் போகாமல் பட்டையை வைத்திருக்கச் சொல்கின்றன. கோலாலம்பூரில் நண்பகல் நிழலே 32, 33. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ சொல்லவே வேண்டாம். கிட் அங்கே ஒரு பிற்பகல் கிடந்திருந்தால் அதைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். நீரை மொள்வது மட்டும் கரையில், பட்டை வேலை குளிரூட்டிய அறையில் என்று பிரிப்பதே நல்லது. 'களக் கிட்' என்ற பெயருக்கு மயங்கி மரத்தடியில் மேசை போட வேண்டியதில்லை.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பட்டைக் குழாயை உடனே திறந்தால், இங்குள்ள ஈரக் காற்று பட்டையில் படிந்து நனைத்துவிடும். மூடியபடியே அரை மணி நேரம் வெளியே விட்டுத் திறக்கவும். தேவையான பட்டையை எடுத்ததும் குழாயை மூடிவிட வேண்டும், உள்ளேயுள்ள ஈர உறிஞ்சி ஓரளவுக்குத்தான் தாங்கும்.

வாசிக்கும் நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. காய்ந்த பட்டையில் கோடு மேலும் அழுத்தமாகத் தெரியும். இந்த முறையில் அழுத்தமான கோடு என்றால் குறைந்த நஞ்சு, ஆக தாமதம் எப்போதும் ஆபத்தான பக்கமே சாய்க்கிறது. மஞ்சள் விளக்கும் மங்கலான சோடியம் விளக்கும் கண்ணை ஏமாற்றும். வெள்ளை விளக்கின் கீழ் இருவர் தனித்தனியே வாசித்து எழுதிய பிறகே ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் கூடுதல் நஞ்சு காட்டும் வாசிப்பே கணக்கு. கைப்பேசியில் படமெடுத்து வைப்பது பின்னால் விவாதம் வந்தால் உதவும். புதுத் தொகுதி எண் வரும்போதெல்லாம் நஞ்சில்லா நீரிலும் அளவு தெரிந்த கட்டுப்பாட்டு நீரிலும் ஒவ்வொரு பட்டை சோதிக்க வேண்டும்.

காவலாளிக்குக் கொடுத்த விதி

கரையில் படலம் கண்ணுக்குத் தெரிந்தால் பட்டை வேண்டாம், படகு நிற்கட்டும். படலத்தில் நஞ்சு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம்வரை போகலாம். தெரிந்த ஆபத்தைச் சோதிப்பது பட்டைக்குச் செலவு, முடிவுக்குத் தாமதம். பட்டைக்கு உண்மையான வேலை படலம் மறைந்த பிறகுதான்: திரும்பத் திறக்கலாமா என்பது. பாசி போன பின்பும் கரைந்த நஞ்சு சில நாள்களோ வாரங்களோ நிற்கும், கொதிக்க வைத்தாலும் அழியாது.

நான்கு மடங்கு நீர்த்த, உடைத்த மாதிரியில் அட்டை 5 அல்லது அதற்கு மேல் காட்டினால் குளத்தில் 20 அல்லது மேல். படகு நிறுத்தம், மீதி நீர் உறையவைத்து ஆய்வுக்கூடத்துக்கு. 2.5-க்கும் 5-க்கும் நடுவே என்றால் மறுநாள் காலை மீண்டும். 2.5-க்குக் கீழே என்று இரு தனித்தனிக் காலைகளில், கரை மாதிரியும் துறை மாதிரியும் சேர்ந்து காட்டினால் திறக்கலாம்.

இந்த விதி மைக்ரோசிஸ்டினுக்கு மட்டும். நம் வெப்பத்துக்கு நன்றாகவே பொருந்தும் ராபிடியாப்சிஸ் என்ற இழைப்பாசி படலமே கட்டாது. நீர் முழுவதும் பரவிப் பழுப்புப் பச்சையாக நிற்கும், அது தரக்கூடிய சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினை இந்தப் பட்டை காணாது. நுண்ணோக்கியில் இழைகள் மிகுந்து தெரிந்தால் அதற்கெனத் தனிப் பட்டை வேண்டும். அந்த நஞ்சுக்குப் பொழுதுபோக்கு அளவு 6. பினாங்குக் கடலோரத்துக் கெராங் என்ற சிறு மட்டியையும் சிப்பியையும் இதே கிட்டில் சோதிக்கலாமா என்ற கேள்வியும் வருவதுண்டு. கூடாது. கடலில் அஞ்ச வேண்டியது சாக்சிடாக்சின் வகை நஞ்சு, சிப்பி இறைச்சிக்கு எல்லை கிலோவுக்கு 800 மைக்ரோகிராம், சாறெடுக்கும் முறையும் வேறு. உப்பு நீரே நன்னீர்ப் பட்டையைக் குழப்பிவிடும். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஆற்றில் நீராடுவோருக்கும் இந்தக் கிட் பொருந்தாது. ஓடும் நீரில் கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் கழிவுநீர்க் கிருமியைப் பற்றி.

எஞ்சியது தூண்டில்காரர்கள். மைக்ரோசிஸ்டின் மீனின் ஈரலிலும் குடலிலும் அதிகமும் சதையில் குறைவாகவும் சேர்கிறது. மீனை அரைத்து அந்தச் சாற்றில் பட்டையை நனைத்தால் கொழுப்பும் புரதமும் கோட்டைக் கெடுக்கும், வரும் விடைக்குப் பொருளில்லை. நீருக்கான 'திறக்கலாம்' என்ற முடிவை மீனுக்கான அனுமதியாகவும் கொள்ள முடியாது. அதனால் படகுத்துறைப் பலகையோடு, மறுகரையில் தனிப் பலகை ஒன்றும் வைக்க வேண்டும்: படலம் இருக்கும் நாள்களில் மீன் பிடிக்க வேண்டாம், மற்ற நாள்களில் பிடித்தால் குடலையும் ஈரலையும் நீக்கி, குழாய் நீரில் கழுவிச் சமைக்கவும்.